அத்தியாயம் 7: முதலில் வேலைக் கணக்கு, பிறகு போன் கணக்கு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் படுக்கும் குடும்பங்கள் குறைவு. நூற்பாலை மூன்று ஷிப்டாக ஓடுகிறது. ஒருவர் வேலைக்குக் கிளம்பும்போது இன்னொருவர் படுக்கப் போகிறார். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் பொழுது விடியும் முன்பே ஓடத் தொடங்கிவிடுகின்றன. தளவாய்புரம், செட்டியார்பட்டி வட்டாரத்தில் நைட்டி தைக்கும் மிஷின் பல வீடுகளில் சமையலறைக்கு அடுத்த அறையிலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து சிவகாசிப் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் காலையிலேயே வந்து நிற்கிறது. இப்படி ஆளுக்கொரு நேரமாக ஓடும் வீடுகளுக்குள்தான் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு மலிவான இணையம் நுழைந்தது. இன்று சோறு வடிப்பதிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது வரை ஒவ்வொரு வேலைக்கும் இடையில் ஒரு போன் கிடக்கிறது.

அதனால் வீடுகளில் ஒரு புதுச் சண்டையும் வந்திருக்கிறது. "எப்பப் பார்த்தாலும் போனு" என்று ஒருவர் சொல்ல, "நீங்க மட்டும் என்ன செய்றீங்க?" என்று மற்றவர் கேட்க, அன்றைய பொழுது கெட்டுவிடுகிறது. இதற்குப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லும் மருந்து மன உறுதி: போனைத் தள்ளி வை, நேரம் குறித்துக்கொள், ஆசையை அடக்கு. அந்த அறிவுரை தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அது நோயின் பாதியைத்தான் பார்க்கிறது. போனைப் பற்றிய சண்டையின் அடியில், வீட்டு வேலையை யார் செய்வது என்ற பேசப்படாத கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை காணாமல் போனுக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்தால், ஏற்கெனவே அதிகம் உழைப்பவரின் தலையில் இன்னொரு கட்டுப்பாடு ஏறும். ஆகவே முதலில் வேலையை எண்ணுங்கள், அடுத்து பங்கிடுங்கள், அதன் பிறகு போனுக்கு நேரம் ஒதுக்குங்கள். இந்த வரிசை மாறினால் எந்த ஒழுங்கும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது. இந்த அத்தியாயம் அந்த வரிசைக்கான காரணத்தையும், அதை வீட்டில் நடைமுறைப்படுத்தும் வழியையும் சொல்கிறது.

நேரம் எங்கே போகிறது?

நம் நாட்டில் மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதை மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்தது. 2019 கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களில் பத்தில் எட்டுப் பேர் ஈடுபட்டார்கள். ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024இல் அது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்று வந்தது. ஐந்தாண்டில் இரு தரப்பிலும் ஏறக்குறைய பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

அதே 2024 கணக்கெடுப்பில் பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தலைப்பு இருக்கிறது. போனில் ரீல்ஸ் பார்ப்பதும் டிவி பார்ப்பதும் இதற்குள் அடங்கும். அதில் ஈடுபட்ட ஆண்களுக்கு நாளில் 177 நிமிடம், பெண்களுக்கு 164 நிமிடம். அதாவது, வீட்டில் அதிகம் உழைப்பவர்தான் ஓய்வையும் சற்றுக் குறைவாகப் பெறுகிறார். போனைப் பொறுத்தவரையிலும் நிலைமை இதற்கு மாறாக இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் பாதிப் பேர்கூட இல்லை. ஆண்களில் பத்தில் ஏழு பேர் பயன்படுத்தியிருந்தார்கள். அதற்குப் பின் இரு தரப்பிலும் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனாலும் "பொம்பளைங்க போனைப் பார்த்துத்தான் வீடு கெட்டுப்போச்சு" என்ற தெருப்பேச்சுக்கு இந்தக் கணக்குகளில் எந்த ஆதாரமும் கிடைக்காது.

வீட்டு வேலையை ஒரு வேலையாக எண்ணுவது புத்தகத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னது, நீதிபதி என்.வி. ரமணா தம் தீர்ப்பில் மேலே சொன்ன 2019 கணக்கையே எடுத்துக்காட்டினார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் வீட்டில் பெண்கள் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அறிவிக்கப்பட்டது. முதல் கட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் போய்ச் சேர்ந்தது. நீதிமன்றமும் அரசும் எண்ணத் தொடங்கிவிட்ட வேலையை வீட்டிலிருப்பவர்கள் எண்ணாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை.

போனுக்குள்ளும் வீட்டு வேலை இருக்கிறது

அடுத்து, போனைக் கையில் எடுப்பதெல்லாம் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை விட வேண்டும். ஒரு குடும்பத் தலைவியின் போனைத் திறந்து பார்த்தால் பள்ளி குரூப், மகளிர் குழுவின் தவணை குரூப், நல்ல தண்ணி எப்போது வரும் என்று கேட்கும் தெரு குரூப், கேஸ் பதிவு, கரண்ட் பில், மாமியாரின் மருத்துவரிடம் வாங்கிய நேரம் எல்லாம் அதில்தான் இருக்கும். 2020 மார்ச் முதல் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் வழியாக வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. இன்றும் மறுநாளைக்கு எந்த நோட்டு, எந்த நிறச் சட்டை, எவ்வளவு பணம் என்பதை யாரோ ஒருவர் தினமும் இரவில் போனில் பார்த்தாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த உழைப்பைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. வீட்டில் கையால் செய்யும் வேலைக்கு முன்னும் பின்னும் மூளையால் செய்யும் வேலை நான்கு உண்டு: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, ஒன்றை முடிவு செய்வது, அது நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது கணவன் மனைவி இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியின் பொறுப்பாகவே நின்றுவிடுகின்றன என்று அவர் கண்டார். அவர் பேட்டி கண்டது அமெரிக்காவில் வாழும் 35 தம்பதிகளை. ஆனால் நம் வீடுகளில் "மாவு இருக்கா, பால் சொல்லியாச்சா, நாளைக்கு ரேஷன் போடுறானா?" என்ற கேள்விகள் யாரிடம் போகின்றன என்று யோசித்தால் அந்த ஆய்வு வெகுதூரத்துச் செய்தியாகத் தோன்றாது. இந்தக் கண்காணிப்பு வேலை இப்போது போனுக்குள் குடியேறிவிட்டது. ஆகவே குடும்பத் தலைவி போனைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பொழுதைப் போக்குகிறார் என்று நினைப்பது, அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் இருப்பவர் எல்லோரும் சினிமா பார்க்கிறார்கள் என்று நினைப்பதற்குச் சமம்.

சமூக ஊடகம் வீட்டு வேலையை இன்னொரு வகையிலும் கூட்டுகிறது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய நூலில், துவைக்கும் இயந்திரமும் அடுப்பும் வந்த பிறகும் அமெரிக்கத் தாய்மார்களின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்று ஆராய்ந்தார். கருவி வந்ததும் சுத்தத்துக்கும் சமையலுக்கும் எதிர்பார்ப்பு உயர்ந்தது; வீட்டில் மற்றவர்கள் செய்த பங்கும் கருவியோடு சேர்ந்து தாயின் கைக்கே வந்தது. இன்று ரீல்ஸ் அதே வேலையைச் செய்கிறது. ஆண்டாள் ஊரில் மார்கழிக் கோலம் என்றும் உள்ளதுதான். இப்போது அந்தக் கோலம் ஸ்டேட்டஸில் ஏற வேண்டும், நேற்றையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், படம் சரியாக விழ வேண்டும். பிள்ளையின் டிபன் பாக்ஸும் அடுக்களை அலமாரியும் யாரோ முகம் தெரியாதவரின் வீடியோவோடு போட்டி போடுகின்றன. கோலத்தில் மகிழ்ச்சி இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பார்ப்பவருக்காக ஏற்றிக்கொண்ட வேலை எது, வீட்டுக்குத் தேவையான வேலை எது என்று மட்டும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். முதல் வகையைக் குறைத்தாலே பல வீடுகளில் கணிசமான நேரம் திரும்பக் கிடைக்கும்.

கை ஏன் நிற்பதில்லை?

இவ்வளவு சொன்ன பிறகும், தேவையில்லாமல் போனில் கழியும் நேரம் உண்மை என்பதை மறுக்க முடியாது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்ட சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக வரும். பக்கத்துக்குக் கடைசி என்பதே கிடையாது. முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே போகும் இந்த அமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ரஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சினிமாவுக்கு 'வணக்கம்' உண்டு. இதற்கு மட்டும் நிறுத்தும் இடம் வேண்டுமென்றே எடுக்கப்பட்டிருக்கிறது. எனவே ஐந்து நிமிடம் என்று எடுத்தவர் அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தால், அதை அவருடைய குணக்கேடாக எண்ணிக் கடிந்துகொள்வதில் பயனில்லை. நிறுத்தும் இடத்தை வீடுதான் உருவாக்கித் தர வேண்டும்.

இப்படித் துண்டு துண்டாகப் பார்ப்பது ஓய்வும் ஆவதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், கம்ப்யூட்டரில் வேலை செய்வோர் ஒரு திரையில் எவ்வளவு நேரம் கவனத்தை நிறுத்துகிறார்கள் என்று பல ஆண்டுகள் அளந்தார். 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடம் இருந்தது, பிந்தைய அளவீடுகளில் 47 வினாடியாகச் சுருங்கியிருந்தது. கவனம் இப்படித் தாவும்போது மன அழுத்தமும் ஏறுகிறது என்பது அவர் கண்டது. குழம்பு கொதிக்கும் இடைவெளியில் மூன்று ரீல்ஸ், துணி அலசும் இடைவெளியில் நான்கு ஸ்டேட்டஸ் என்று ஒரு நாள் முழுக்கச் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆனால் ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்த தெம்பு உடலுக்கு வராது.

குறைத்தால் பலன் உண்டா என்றும் சோதித்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2018இல் 143 மாணவர்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்தியவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்கள் கல்லூரி மாணவர்கள்; குடும்பம் நடத்துபவர்களுக்கு அதே அளவில் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அடியோடு விடாமல் அளவோடு பயன்படுத்துவதே போதும் என்ற பாடம் நமக்கும் உதவும். 2018 அமெரிக்கத் தேர்தலையொட்டிப் பொருளியலாளர் ஹன்ட் ஆல்காட் குழுவினர் நடத்திய பெரிய ஆய்வில் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தியவர்களுக்கு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிஞ்சியது. அதில் ஒரு பங்கு குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழிந்தது. இன்னொரு பங்கு தனியாக டிவி பார்ப்பதில் போனது. மிஞ்சிய நேரம் தானாக நல்ல வழியில் போய்விடாது. அது எதற்கு, யாருக்கு என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை

முதல் வாரம் போனைப் பற்றி யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். சுவரில் தொங்கும் சிவகாசிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் செய்தவர் பெயரோடு எழுதுங்கள். வாசல் தெளிப்பது, தண்ணி பிடிப்பது, மாவு ஆட்டுவது, பாத்திரம் விளக்குவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அதில் வரட்டும். மூளையால் செய்யும் வேலையையும் எழுதுங்கள்: பள்ளி குரூப்பைப் பார்த்தது, கேஸ் சொன்னது, கல்யாண மொய்க்குக் கணக்குப் போட்டது. படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் எழுதும் பொறுப்பைக் கொடுத்தால், பிள்ளைக்கும் வீடு எப்படி ஓடுகிறது என்பது புரியும். ஏழாம் நாள் எல்லோரும் உட்கார்ந்து அந்தத் தாளைப் படியுங்கள். யார் பெயர் எத்தனை முறை வருகிறது என்பது எந்த வாக்குவாதமும் இல்லாமல் தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரம் பங்கீடு. பங்கிடும்போது ஒரு வேலையின் முழுப் பொறுப்பையும் கைமாற்றுங்கள். "சொன்னா செய்றேன்" என்பது பாதிப் பங்குதான், சொல்லும் வேலை இன்னும் பழையவரிடமே இருக்கிறது. பள்ளி குரூப் அப்பாவின் பொறுப்பு என்றால், செய்தியைப் படிப்பதும், நோட்டு வாங்குவதும், பையில் வைக்கச் சொல்வதும் அவருடையது. அம்மா அந்த குரூப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். ஒரே பிள்ளையின் ஒரே குரூப்பில் இரண்டு பேர் இருந்தால் பார்ப்பவர் கடைசியில் ஒருவராகத்தான் இருப்பார். தண்ணி வரும் நேரம், கரண்ட் பில், மருத்துவமனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவர் பெயரும் தாளில் ஒரே அளவில் வர வேண்டும். அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தங்கை எடுக்கும் வீட்டில், அவளிடம் மட்டும் போனைக் கீழே வை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மூன்றாம் வாரம்தான் போன். இரவு பத்து மணிக்கு மேல் போன் கூடாது என்ற நகரத்து விதி, நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்புபவருக்குப் பொருந்தாது. எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு நிகழ்வோடு விதியைக் கட்டுங்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர் குளித்துச் சாப்பிடும்வரை போன் இல்லை. படுக்கப் போகும் முன் அரை மணி நேரம் போன் இல்லை. யாராவது இருவர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் இருவரின் போனும் வேறு அறையில். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும்போது நேரம் மாறும், விதி மாறாது. பகலில் ஒருவர் உறங்கும் வீட்டில் சத்தமாக ரீல்ஸ் ஓடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விட்டு விட்டுச் செய்யக்கூடிய வேலை, செய்யக் கூடாத வேலை என்று ஒரு பிரிவும் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவர் வாணலியிலிருந்து கண்ணை எடுத்தால் அடிப்பிடித்துவிடும்; 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பின் தரம் இடைவிடாத அந்தக் கவனத்தில் இருக்கிறது. வீட்டிலும் அப்படிப்பட்ட வேலைகள் உண்டு: கொதிக்கும் எண்ணெய், ஓடும் தறி, தையல் மிஷின் ஊசி, தண்ணீர்த் தொட்டி அருகே விளையாடும் குழந்தை, பைக் ஓட்டுவது. இவற்றின்போது எந்தச் செய்தியும் காத்திருக்கலாம். வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது போன்றவற்றின்போது பாட்டோ பேச்சோ கேட்பதில் கெடுதல் எதுவும் இல்லை. கண்ணைக் கேட்கும் வீடியோவைத் தவிர்த்துக் காதுக்கு மட்டும் வேலை கொடுத்தால் வேலையும் நடக்கும், மனமும் இளைப்பாறும்.

கடைசியாக, ஓய்வு. ஒவ்வொருவருக்கும் நாளில் ஒரு முழு மணி நேரம், யாரும் கூப்பிடாத நேரமாகத் தாளில் எழுதப்பட வேண்டும். அந்த நேரத்தில் அவர் ரீல்ஸ் பார்க்கலாம், உறங்கலாம், கோயிலுக்குப் போகலாம். அது அவர் விருப்பம், யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. மீதி நேரத்துக்கு ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் ஒவ்வொரு ஆப்புக்கும் நேர வரம்பு வைக்கலாம். பேச்சுக்கச்சேரி குரூப்புகளை மியூட் செய்து, தவணை, பள்ளி, தண்ணி குரூப்புகளை மட்டும் சத்தம் வரும்படி வையுங்கள்.

எழக்கூடிய மறுப்புகள்

"ஆண்கள் வெளியே உழைக்கிறார்கள், அதனால்தான் வீட்டில் குறைவு" என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு: 2024 கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுள்ள ஆண்களில் 75 சதவீதம் பேர் வருமான வேலையில் ஈடுபட்டிருந்தார்கள், பெண்களில் 25 சதவீதம். ஆனால் இந்த வட்டாரத்தில் பெண்கள் ஆலையிலும் தறியிலும் பட்டாசு வேலையிலும் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஷிப்ட் முடிந்து வீட்டில் அடுத்த ஷிப்ட் தொடங்குகிறது. எட்டு மணி நேர வேலையின் களைப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஒருவர் மட்டும் வெளியே போகும் வீட்டில் வேலைகளை நிமிடக் கணக்கில் சரிபாதியாக்க வேண்டியதில்லை; ஓய்வு நேரத்தைச் சமமாக்கினால் போதும். அதுவே எளிய அளவுகோல்.

"போனில்தான் என் வியாபாரமே" என்பார்கள் நைட்டி, சேலை, பால்கோவா விற்பவர்கள். உண்மைதான், வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்துக் குடும்பத்தைத் தாங்குபவர்கள் இங்கு நிறைய. அப்படியானால் அது கடை; கடைக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் வேலை நேரத்தைக் குறிப்பிடலாம், மற்ற நேரத்தில் வருபவருக்குத் தானாகப் பதில் போகும்படி வைக்கலாம். இரவு பதினொரு மணிக்கு விலை கேட்பவர் காலை ஒன்பது மணிக்குப் பதில் வந்தாலும் வாங்குவார். வியாபார நேரம் தாளில் 'வேலை' என்ற தலைப்பில் வர வேண்டும், 'போன்' என்ற தலைப்பில் வரக் கூடாது.

"போன்தான் எனக்குத் துணை, அதையும் பிடுங்கினால் எப்படி?" என்று தனியாக இருக்கும் பெரியவர்களும், திருமணமாகி வேற்றூர் வந்த பெண்களும் கேட்கலாம். இது மிக நியாயமான கேள்வி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்கு ஆடிப்பூரத் தேர் நகர்வதை வீடியோ அழைப்பில் காட்டும் தாய்க்கு அந்தப் போன் உறவின் கயிறு. அந்த நேரத்தைக் குறைக்கச் சொல்ல இந்த அத்தியாயத்தில் எதுவும் இல்லை. ஆளோடு பேசும் நேரத்தையும், முகம் தெரியாதவரின் வீடியோவைத் தள்ளும் நேரத்தையும் பிரித்து, முதலாவதைக் கூட்டுங்கள் என்றே சொல்கிறோம்.

"பிள்ளைகளுக்குப் படிப்புக்குப் போன் வேண்டும்" என்பது இன்னொன்று. இந்தியக் கிராமப்புறங்களில் நடந்த 2024 அசர் (ASER) கல்வி ஆய்வில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய வாரம் படிப்பு சார்ந்த எதற்காவது ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். படிப்புக்கு என்று வாங்கும் போன் எங்கே போகிறது என்பதை இது காட்டுகிறது. அதற்காகப் பிள்ளையை மட்டும் தண்டிப்பதில் பலனில்லை. பெற்றோர் கட்டுப்படும் விதிக்கே பிள்ளையும் கட்டுப்படும். படிப்புக்கான போன் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும், அறைக்குள் போக வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து

நான்காம் வார இறுதியில் மறுபடி ஒரு வாரத்துக்கு அதே தாளை எழுதுங்கள். போன் நேரம் எவ்வளவு குறைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: ஒரே ஆளின் பெயர் வரும் வேலைகள் குறைந்திருக்கின்றனவா? எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேரம் உண்மையாகவே கிடைத்ததா? போன் பற்றிய சண்டை எத்தனை முறை வந்தது? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இருக்கும் வீட்டில் மூன்றாவது பெரும்பாலும் தானாகத் தணிந்திருக்கும். தணியவில்லை என்றால் விதியை இறுக்கும் முன் பங்கீட்டைத் திரும்பப் பாருங்கள். ஏதோ ஒரு வேலை இன்னும் கணக்கில் வராமல் ஒருவர் தோளில் இருக்கிறது என்று பொருள். அது எது என்று அவரையே கேளுங்கள், தாளில் எழுதுங்கள், வேறொரு பெயருக்கு மாற்றுங்கள். பண்டிகை, தேர்வு, ஷிப்ட் மாற்றம், மருமகளின் பிரசவம் என்று வீட்டின் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் வேலைக் கணக்கிலிருந்தே தொடங்குங்கள்.